தாடிக்காரரைச் சரியாகக் கேட்டது யார்?

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஒரு பத்திரிகையிலிருந்து கேட்டார்கள்: ராக் இசையின் மகா கிதார்காரர்களை வரிசைப்படுத்தி, யாருக்கு முதலிடம், ஏன் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எனக்கு கிதாரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. தெரிந்ததெல்லாம் எனக்கு எது பிடிக்கும் என்பது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டுதானே எல்லோரும் விமர்சனம் எழுதுகிறார்கள் என்று துணிந்து உட்கார்ந்தேன்.

"உண்மையான மேதைமை விரல்களின் வேகத்தில் இல்லை, அது ஒரே ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம்

அவ்வளவுதான் எழுதினேன். என் நண்பன் பனச்சமூடு ஜெயதாசின் முகம் முன்னால் வந்து நின்றது. "எலே தீபு, இது மினிக்கச் சைடு பிடிக்கதாக்கும்" என்றது. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். கட்டுரையும் படுத்துவிட்டது. அதன் இடத்தில் எழுந்து உட்கார்ந்ததுதான் இது.

2

தொடக்கம் ஒன்று: தொண்ணூற்றாறாம் வருடம் பாறசாலையில் மழை பிடித்துக்கொண்டிருந்தது... (வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

தொடக்கம் இரண்டு: இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஒரு கோடு ஓடுகிறது, ஆனால் இசைக்கு... (ஐயையோ.)

தொடக்கம் மூன்று: ஜெயதாசுக்குப் பெண் பார்க்கப் போனோம். (நடந்தது இதுதான். இருக்கட்டும்.)

ஜெயதாசுக்குப் பெண் பார்க்கப் போனோம். அவன் பனச்சமூடு சந்திப்பில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். நான் குளத்தூர்க்காரன், அவனோடு கல்லூரியில் படித்தவன். மாப்பிள்ளைக்குத் துணையாக ஒரு நண்பன் போக வேண்டும் என்பதால் என்னைப் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டான். பெண் மினி, எல்லை தாண்டி கேரளப் பக்கம் பாறசாலையில் கணக்கு டீச்சர். வீடு ஊருக்கு உள்ளே, கரண்டு கம்பி போய் முடிகிற கடைசிப் போஸ்டுக்குப் பக்கத்தில். சம்பந்தம் இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் முதல் கல்யாண அறிவிப்பு வாசிக்கச் சொல்லி சபை ஐயரிடம், அதாவது பாதிரியாரிடம், பேசியும் வைத்திருந்தார்கள். பார்ப்பது ஒரு சடங்கு.

மினியின் அப்பா ஈசாக், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அவரே சொன்னார்: "புள்ளைய ரெண்டும் வராந்தாவில இருந்து பேசட்டு." காவலுக்கு என்னை உட்கார வைத்தார்.

"பாட்டு கேப்பீங்களா?" என்றான் ஜெயதாஸ். பெண் பார்க்கப் போகிற எல்லோரும் கேட்கிற கேள்வி.

"கேப்பேன். ஆனா எல்லாரும் கேக்குற பாட்டு இல்ல. வெளிநாட்டுக் கிதார் ஆக்கும்."

ஜெயதாஸ் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தான். "கிதாரா! யாரு?"

மினி ஒரு பெயர் சொன்னாள்.* ஜெயதாஸ் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த ஈசாக், "கர்த்தருக்க சித்தம்" என்றார். பாறசாலையிலிருந்து பனச்சமூடு வரை வீடு வீடாகத் தேடினாலும் அந்த கேசட் இரண்டே வீட்டில்தான் இருந்திருக்கும்.

* பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவரைத் தெரிந்த வாசகர்கள் கதையை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போய்விடுவார்கள். கேசட் அட்டையில் நெஞ்சு வரை தாடி. தாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

"ரெண்டாவது பக்கத்துல முதல் பாட்டு" என்றாள் மினி.

"அதேதான்! என்னா ஸ்பீடு! கை எங்க போவுதுன்னே தெரியாது. கேட்டா எனக்கு மூச்சு முட்டும்."

மினியின் சிரிப்பு நின்றது. "ஸ்பீடா? அந்தப் பாட்டிலயா? அவரு ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சா விட மனசில்லாம பைய பைய எறக்குவாரு. எனக்குக் கண்ணு நெறயும்."

"கண்ணு நெறயவா? அதுக்கு எங்க நேரம் உண்டு?"

"நிங்க அந்த கேசட்டைக் கேட்டதுண்டா?"

"டெய்லி கேக்கேன். நிங்க கேட்டதுண்டா?"

நான் காவல் மட்டும்தான். பஞ்சாயத்துக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கே மினி அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "எனக்கு இந்த ஆளு வேண்டாம் அப்பா. கேக்காததைக் கேட்டேன்னு சொல்லுதாரு. ஒரு பாட்டுக் காரியத்தில பொய் சொல்லுத ஆளு, நாளைக்குக் குடும்பக் காரியத்தில என்னதான் சொல்லமாட்டாரு?" ஈசாக் எவ்வளவோ பேசிப் பார்த்தார். "சனிக்கிழமை வரை யோசி மக்களே. அதுக்கு மேல ஐயரை நிறுத்தி வைக்க முடியாது" என்றதோடு விட்டார்.

பைக்கில் ஜெயதாஸ் வேறு பல்லவி பாடிக்கொண்டு வந்தான். "எலே, அந்தப் புள்ள அட்டையை மட்டும் பாத்துட்டு சும்மா அடிச்சு விடுது. அவரு அப்படி அழுமூஞ்சி வாசிப்பு வாசிக்கவே மாட்டாரு." கொஞ்ச தூரம் போன பிறகு வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னான்: "ஆனா எலே, எனக்கு அந்தப் புள்ளயப் பிடிச்சுப் போச்சு. அது வேண்டாம்னு சொல்லிரப்பிடாது."

3

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் பிரதியில் ஜெயதாசின் கழுத்தில் தடித்த சங்கிலி போட்டிருந்தேன். கறுப்புக் கண்ணாடியும் உண்டு. நிஜத்தில் அவனிடம் இரண்டும் கிடையாது. ஏன் போட்டேன்? எனக்கு நிதானமான வாசிப்புதான் பிடிக்கும். கோயில் திருவிழாவில் செண்டை மேளக்காரர்கள் கடைசிக் காலத்துக்கு, வேகத்தின் உச்சிக்கு, ஏறும்போது நான் கடலை வாங்கப் போய்விடுவேன். ஜெயதாஸ் அந்த நேரம் பார்த்துத்தான் வருவான், சபைக்காரர்கள் யாரும் பார்த்துவிடாத தூரத்தில் நின்று கையை ஆட்டி எண்ணிக்கொண்டிருப்பான். அதனால் என் பேனா தானாகவே மினியின் பக்கம் சாய்ந்து, அவளுக்கு நீளமான, மூச்சு விட்டு மூச்சு விட்டுப் போகிற, முடிய மனமில்லாத வாக்கியங்களாகக் கொடுத்துக்கொண்டே போகிறது. அவனுக்குச் சின்னது. வெட்டு. அடுத்தது.

சங்கிலியைக் கழற்றிவிட்டேன். வேகம் பிடித்தவனுக்கு நெஞ்சில் ஈரம் கிடையாது என்று நினைப்பது எங்களைப் போன்றவர்களின் அகம்பாவம்.

(ஜெயதாஸ் பகலெல்லாம் ஆணி நிறுப்பவன். ஒரு கீல் வாங்க வருகிறவர் கடையில் உள்ள எல்லாக் கீல்களையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்பார். கடை சாத்தி வீட்டுக்கு வந்தால், எதுவாவது நிற்காமல் ஓட வேண்டும் அவனுக்கு. மினி பகலெல்லாம் கூச்சல் போடுகிற பிள்ளைகளுக்கு நடுவே நின்றுவிட்டு, டியூஷனும் முடித்து வருகிறவள். ஒரே ஒரு சத்தம், அவசரப்படாமல் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் அவளுக்கு. மேதைகளைப் பற்றி நாம் போடுகிற சண்டையில் பாதி, நம் பகல் எப்படிப் போயிற்று என்பதுதான். இதைக் கட்டுரையில் எழுதியிருக்கலாம். பத்திரிகைக்காரர்கள் பட்டியல்தான் வேண்டும் என்றார்கள்.)

4

கதை திரும்புகிற இடம். இங்கே ஒரு அறிவாளியைக் கொண்டுவரலாமா என்று பார்த்தேன். நடந்ததில் அப்படி யாரும் இல்லை. மினியின் அம்மா ஞானபாய்தான் இருந்தார். அவருக்கு கிதார் என்றால் ஆகாது.

வீடு காணல் என்று ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்து வருவார்கள். நாள் குறித்தாகிவிட்டது, மினி வேண்டாம் என்று சொன்னதை வெளியே விடவில்லை. ஞானபாய் இரண்டு சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பனச்சமூட்டுக்குப் போய், சாயா குடித்து, கிணற்றை எட்டிப் பார்த்து, திரும்பி வந்தார். ஜெயதாஸ் தான் சொன்னது பொய்யில்லை என்று நிரூபிக்க அவருக்குத் தாடிக்காரரைப் போட்டுக் காட்டியிருக்கிறான். வருங்கால மாமியாரிடம் வேறு எந்த மாப்பிள்ளையும் செய்திருக்கமாட்டான்.

அன்று சாயங்காலம் ஞானபாய் மகளிடம் சொன்னது:

"வீடு கொள்ளாம், நல்ல வீடுதான். கெணத்தில தண்ணி உண்டு. பின்னே ஒரு காரியம் கேட்டியா, நீ டெய்லி போட்டு என் உயிரை எடுக்கியே ஒரு கிதாரு, அதே பாட்டை அங்கயும் போட்டான். இங்க அது தீருததுக்குள்ள நான் ஒரு தேங்கா முழுசும் திருவீருவேன். அங்க சாயா ஆறல்ல, பாட்டு தீந்து போச்சு! அந்த வீட்டில ஒரு சமாதானம் உண்டு மக்களே. நீ அவனையே கெட்டிக்கோ."

மினி கணக்கு டீச்சர். அதே கேசட், அதே பாட்டு, ஒரு வீட்டில் நீளம், ஒரு வீட்டில் குட்டை. அவள் தலையைத் தூக்கி மேலே எரிகிற பல்பைப் பார்த்தாள். வழக்கம்போல் எலுமிச்சம்பழ நிறத்தில் அது தூங்கி வழிந்தது.

"அம்மா, அங்க பல்பு எப்படி எரியுது?"

"வெள்ள வெளேர்னு எரியுது. கண்ணு கூசும். டிரான்ஸ்ஃபார்மரு அவங்க மதிலுக்குப் பக்கத்திலயாக்கும்."*

* இங்கே ஒரு தடங்கல். எலக்ட்ரானிக்ஸ் படித்த அனூஜிடம் இதைக் காட்டினேன். "அண்ணா, நல்ல செட்டில வோல்டேஜு கூடினாலும் குறைஞ்சாலும் கேசட்டு ஒரே ஸ்பீடிலதான் சுத்தும். கதை நிக்காது" என்றான். நிற்கவேண்டுமே என்று கேட்டபோது, "ரெண்டும் இங்க கடையில அசெம்பிள் பண்ணின மலிவு செட்டுன்னு போடுங்க" என்றான். போடுகிறேன்: இரண்டும் மலிவு செட்டுதான். உண்மையும் அதுதான் என்பது என் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு பல விஷயங்கள் விளங்கின. வோல்டேஜ் குறைந்து கேசட் மெதுவாகச் சுற்றுகிற மினியின் வீட்டில் எந்தப் பாடகிக்கும் குரல் தடித்து நிரந்தர ஜலதோஷம் ஏன் என்பது உட்பட. தனக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடுகிறவர் ஒரு பெண் என்பதை ஈசாக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

5

சனிக்கிழமை மத்தியானம் ஐயர் வீட்டுக்கு எல்லோரும் போனோம். யோசனை மினியுடையது. ஐயரிடம் வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல கம்பெனி செட் இருந்தது. தாடிக்காரர் உண்மையில் எப்படி வாசிக்கிறார் என்று கேட்டுவிடுவோம் என்றாள்.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல்லன்னு தெரிஞ்சு போச்சே, பின்னே என்னத்துக்கு?" என்றார் ஈசாக். யாரும் கேட்கவில்லை.

பாட்டு ஓடியது. பறக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஒரு மனிதர் கிதார் வாசித்தார். கிதார்காரர்கள் வாசிப்பதுபோல வாசித்தார். ஜெயதாசின் கால் தாளம் போடத் தொடங்கி நின்றுவிட்டது. மினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் மட்டும் தலையை ஆட்டி, "அருமையா வாசிக்காரே, இதுக்கா சண்டை?" என்றார். அவர் முதல் தடவை கேட்கிறார்.

முடிந்தது. மினி நேராக ஜெயதாசைப் பார்த்துக் கேட்டாள்: "எப்படி உண்டு?"

(வாசகரே, இவளுக்குப் பொய் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். அவனுக்கும் இப்போது தெரியும். நான் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: "சூப்பர்" என்றான் ஜெயதாஸ். மினி எழுந்து போய்விட்டாள்.

முடிவு ஆ: "கொள்ளாது, நல்லா இல்ல" என்றான். அவர்களைச் சேர்த்து வைத்த ஒரே பொருளும் உடைந்தது. தேவாலய மணி அடி

மணியை அடிக்கவிடவில்லை. மத்தியானம் எதற்கு மணி?)

ஜெயதாஸ் நிஜமாகச் சொன்னது இது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"எனக்குப் பிடிக்கல்ல. நிங்களுக்கும் பிடிக்கல்ல, மொகத்தில உண்டு. அது போவட்டு. நிங்க கேக்குத மாதிரி எனக்கு ஒருக்கா கேக்கணும். கண்ணு நெறயும்னு சொன்னீங்கல்ல, அது. வீட்டுக்கு வரட்டா?"

நான் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியவன். இந்த இடத்தில் அதையும் கழற்றிவிட்டேன்.

மினி செட்டிலிருந்து கேசட்டை எடுத்தாள். பிறகு, "ஏழு மணிக்கு மேல வாங்க. அப்பத்தான் வோல்டேஜு நல்லா குறையும்" என்றாள்.

ஐயர் எல்லோருக்கும் இன்னொரு சாயா ஊற்றச் சொன்னார். ராத்திரிக்குள் பதில் வேண்டும், காலையில் வாசிக்க வேண்டும் என்று ஈசாக்கிடம் மெல்ல நினைவுபடுத்தினார்.

6

ஏழு மணிக்கு மேல் போனோம். வராந்தாவில் செட்டை எடுத்து வைத்திருந்தாள் மினி. கேசட்டைப் போட்டு, பொத்தானை அழுத்தக் கை நீட்டினாள். கரண்டு போயிற்று.

லோடு ஷெட்டிங். அந்தப் பகுதிக்கு முறை மாறியிருந்தது, யாருக்கும் ஓர்மை இல்லை. மொத்த ஊரும் இருட்டு. ஞானபாய் உள்ளேயிருந்து, "நல்லதாப் போச்சு" என்றார்.

"மக்களே, ஐயருக்கு என்ன சொல்லட்டு?" என்று ஈசாக் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"கரண்டு வரட்டு அப்பா."

என்னை மெழுகுவர்த்தி வாங்க முக்குக் கடைக்கு அனுப்பினார்கள். முற்றத்தில் இறங்கியபோது ஜெயதாசின் குரல் கேட்டது: "அதுவரை வாயாலயாவது ஒருக்கா பாடுங்களேன்." மினி சிரித்தாள். மாட்டேன் என்றாள். பிறகு தொடங்கினாள், மிக மெதுவாக, ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு. நான் செருப்பில் ஒரு காலை மட்டும் நுழைத்தபடி நின்றேன். கொஞ்சம் பொறுத்து அவனும் சேர்ந்துகொண்டான்.

எந்த வேகத்தில் சேர்ந்தான் என்பது எனக்குத் தெரியும். காதால் கேட்டேன். ஆனால் நான் எழுதினால் அது என் ருசியாகத்தான் இருக்கும். நான் யார் பக்கம் என்று ஏற்கனவே உளறிவிட்டேன். அதனால் கடைக்குப் போகிறேன். அந்த வராந்தாவில் நீங்கள் இருங்கள். கரண்டு வரும்வரை உங்களுக்கு நேரம் உண்டு.