நிமிர்ந்தால் இருட்டு

அந்தச் சலூனில் நாற்காலிகள் இரண்டு, வாய் ஒன்று. இரண்டாவது நாற்காலியைப் பார்த்துக்கொள்ளும் மச்சான் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். முதல் நாற்காலிக்காரர்தான் கடை முதலாளி, மச்சானின் அக்காவைக் கட்டியவர். தெருவே அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் கடை உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சும்மா பேசுகிறவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். ரேடியோவின் பெருமை வேறு. எதிரில் இருப்பவர் மனதில் எது ஓடுகிறதோ அதையே எடுத்துப் பேசுவார். வீடு மாற்ற நினைக்கிறவரிடம் வாடகையைப் பற்றி ஆரம்பிப்பார். முழங்கால் வலிக்காரரிடம் முழங்காலைப் பற்றி. "எப்படிப்பா கண்டுபிடிச்சே" என்று வாயைப் பிளக்காதவர்கள் குறைவு.

அவர் படித்தது மனதை அல்ல. போர்த்திய துணிக்கு மேலே, வாடிக்கையாளர் கையில் வெளிச்சமாக விரிந்து கிடக்கும் செல்போனை. பின்னால் நின்று முடிவெட்டுகிறவருக்கு அது கதவு திறந்த வீடு மாதிரி. அவர் உள்ளே நுழைவதில்லை. போகிற போக்கில் ஒரு பார்வை, அவ்வளவுதான். இது தப்பா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டது உண்டு. வேலைக்கு வரும்போது கண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா வர முடியும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். கேள்வியும் பதிலும் ஒரே வாயிலிருந்து வந்தால் தீர்ப்பு சாதகமாகத்தானே இருக்கும்.

அவருடைய நாற்காலிக்கு வாரம் இரண்டு முறை வருகிறவர் கணக்கு வாத்தியார். வகுப்பில் சிங்கம், மூன்று தெரு தள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் செருப்புச் சத்தத்துக்குப் பதுங்குவார்கள் என்று கேள்வி. மனைவி இறந்துபோன பிறகுதான் சவரத்துக்குக் கடைக்கு வர ஆரம்பித்தார். வீட்டில் ரேசர் இல்லாமல் இல்லை. சிங்கம் செல்போனில் பார்ப்பதெல்லாம் பூனை வீடியோ. ஷூவுக்குள் தூங்கும் பூனை, பியானோ மேல் நடக்கும் பூனை. ரேடியோ ஓரக்கண்ணால் ஒன்றைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுப் பக்கம் ஒரு பூனை சார்" என்று எடுத்துவிடுவார். வாத்தியார் முகம் நுரைக்குள்ளேயே மலரும்.

அப்படி இருக்கையில்தான் ஒரு மாலை ரேடியோவின் உலகம் இருண்டது. இருண்டது உள்ளங்கை அகலம்தான், ஆனால் இருண்டது.

வாத்தியார் வழக்கம்போல உட்கார்ந்து, வழக்கம்போல செல்போனை எடுத்து, வழக்கம்போலச் சிரித்தார். ரேடியோ எட்டிப் பார்த்தால் கரேல் என்று இருந்தது. விரல் திரையைத் தள்ளுகிறது, வாத்தியார் தோள் குலுங்குகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. அணைந்த செல்போனைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு ஆகிவிட்டதா மனிதருக்கு என்று ரேடியோ பரிதாபப்பட்டார். பிறகு கிருதாவைச் சரிசெய்யக் குனிந்தார். பளிச்சென்று ஒரு பூனை கண்ணாடித் தம்ளருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்தார். கறுப்பு. குனிந்தார். பூனை.

இன்னும் நாலைந்து தடவை குனிந்து நிமிர்ந்து பார்த்தார். தன் காது மடலை இத்தனை அக்கறையாக யாரும் கவனித்ததில்லை என்று வாத்தியார் நினைத்திருக்கக்கூடும்.

அவர் போன பிறகு வந்த வாடிக்கையாளரின் செல்போன் நின்றபடியே நன்றாகத் தெரிந்தது. கண் சரியாகிவிட்டது என்று ரேடியோ மூச்சு விட்டார். இரண்டு நாள் கழித்து மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ஒருவர் வந்தார். அவர் கையிலும் கறுப்பு. குனிந்தால் வெளிச்சம், நிமிர்ந்தால் இருட்டு. அந்த வார இறுதியில் மறுபடியும் வாத்தியார், மறுபடியும் கறுப்பு. பார்வை போகும்போது நடுவில் ஒரு கரும்புள்ளியாகத்தான் ஆரம்பிக்கும் என்று யாரோ இதே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் டாக்டர் இல்லை, பெயிண்டர். பயத்துக்கு அந்தப் படிப்பு போதும்.

செல்போன்மீது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தெரியாத திரையை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

வீட்டில் சுவர்க் காலண்டர் முன்னால் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து பரிசோதித்தார். பேக்கரியில் பில் போடும் வேலை முடிந்து வந்த மனைவி, காலண்டருக்கு எதற்குத் தோப்புக்கரணம் என்று கேட்டாள். பதில் சொல்லாமல், அவள் செல்போனைக் கையில் கொடுத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். பின்னால் போய் நின்றுகொண்டார்.

"என் போன்ல என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணும் பாக்கல. பாக்க முடியுதான்னு பாக்கறேன்."

அவள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் வாங்கியதில்லை. அவள் செல்போன் எல்லாத் திசையிலும் தெளிவாகத் தெரிந்தது. அதில் அவருக்கு நிம்மதி வரவில்லை, குழப்பம்தான் கூடியது. வீட்டில் சரியாக இருந்து கடையில் மட்டும் வருகிற வியாதி எந்த வகை?

கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதிக்கும் பெண் கடைசி வரி வரை படிக்கச் சொன்னாள். படித்தார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தார். அவளே திகைத்துப்போய், எப்போது கறுப்பாகத் தெரிகிறது என்று கேட்டாள். வேலை பார்க்கும்போது என்றார். எதைப் பார்க்கும்போது என்றாள். ரேடியோ வாயைத் திறந்து மூடினார். அடுத்தவர் செல்போனை எட்டிப் பார்க்கும்போது என்று ஒரு மனிதன் எந்த முகத்தோடு சொல்வான்? வியாதியைச் சொன்னால் மானம் போகும், மானத்தைக் காப்பாற்றினால் கண் போகும். அவர் மானத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒரு சொட்டு மருந்துக் குப்பியோடு வீடு திரும்பினார்.

அன்றிலிருந்து கத்தி மச்சான் கைக்குப் போனது. முடி வெட்டுவதில் பிசகினால் வளர்ந்துவிடும். கழுத்து அப்படி வளராது. சவரத்துக்கு வந்தவர்களையெல்லாம் இரண்டாவது நாற்காலிக்கு அனுப்பினார். கண் போனால் இந்தக் கைக்கு வேறு என்ன தெரியும் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருப்பார். பேச்சும் நின்றுபோனது. கண் கொடுத்துத்தான் வாய் இத்தனை நாள் ஓடியது என்பது அப்போதுதான் அவருக்கே விளங்கியது. ரேடியோவுக்குப் பேட்டரி போச்சா என்று ஒன்றிரண்டு பேர் சீண்டிப் பார்த்தார்கள். அவர் சிரித்து வைத்தார்.

வாத்தியார் பேசாமல் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டு போனார். கோபமா, வருத்தமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அது நுரைக்குள் இருந்தது.

மச்சான் பல் பிடுங்கப் போயிருந்த மாலையில்தான் முடிச்சு இறுகியது. வாத்தியார் வந்து நேராக முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரோரப் பெஞ்சில் பக்கத்துக் கடை செல்போன் ரிப்பேர்க்காரர் முடி வெட்டிக்கொள்ளக் காத்திருந்தார். சவரத்துக்கு நாளைக்கு வர முடியுமா என்று ரேடியோ கேட்டார். முடியாது என்றார் வாத்தியார். காலையில் மகள் வருகிறாளாம், இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

"இந்தத் தாடியோட போய் நின்னா, அப்பாவைப் பாத்துக்க ஆள் இல்லன்னு முடிவு கட்டிடுவா. கூடவே கூட்டிட்டுப் போயிடுவா. போடு கத்தியை."

ரேடியோ துணியைப் போர்த்தினார். நுரையைக் குழைத்தார். குழைத்தார், குழைத்துக்கொண்டே இருந்தார். கிண்ணத்தில் நுரை பொங்கி விளிம்பைத் தாண்டியது. பாதி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசிவிட்டு, கத்தியில் புது பிளேடைச் செருகிக் கழுத்துக்குக் கொண்டு போனார். தொடாமலே திருப்பி எடுத்தார். நாற்காலியைச் சுற்றி வந்து வாத்தியார் முன்னால் நின்றார்.

"என்னால முடியாது சார். கண்ணு சரியில்ல."

வாத்தியார் கணக்கு வாத்தியார் அல்லவா, பாதி விடையோடு விடமாட்டார். எப்போதிலிருந்து, எந்தக் கண், தூரமா கிட்டமா என்று படிப்படியாகக் கேட்டார். கறுப்பாகத் தெரிகிறது என்றார் ரேடியோ. என்ன கறுப்பாகத் தெரிகிறது என்று வாத்தியார் கேட்டார். அந்த இடத்தில் கண்ணாடிக் கடையில் செய்தது மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அங்கே எதிரில் இருந்தது எழுத்துப் பலகை. இங்கே இருந்தது ஒரு மனிதனின் கழுத்து. ரேடியோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விரலை நீட்டி வாத்தியார் மடியைக் காட்டினார்.

"உங்க கையில இருக்கறது சார். குனிஞ்சா தெரியுது. நிமிர்ந்தா தெரியல."

பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ரிப்பேர்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அது கண் வியாதி இல்லை, செல்போன் வியாதி என்றார். புதிதாக வந்த வசதியாம். நேரே பார்க்கிறவருக்கு மட்டும்தான் படம், பக்கத்திலோ மேலேயோ இருந்து எட்டிப் பார்க்கிறவருக்கு இருட்டு. மருந்துக் கம்பெனிக்காரர் செல்போனில் அதே வேலையைச் செய்யும் ஒட்டுத்தாள் இருக்கிறது. ஒட்டிக் கொடுத்ததே இந்த ரிப்பேர்க்காரர்தானாம்.

ரேடியோவுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. கடையில் இருந்த ஒரே காலி நாற்காலி மச்சானுடையது. அதில் போய் உட்கார்ந்தார். கண் போகவில்லை. கை பிழைத்தது. கடை பிழைத்தது. அந்தச் சந்தோஷம் நெஞ்சு வரை வந்து, அங்கே நின்றுகொண்டிருந்த வெட்கத்தின்மேல் முட்டிக்கொண்டது. எதற்கு முதலில் இடம் விடுவது என்று தெரியாமல் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் வாத்தியார் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பாதி முகம் நுரையோடு.

ரிப்பேர்க்காரர் விடவில்லை. விலையை ஏற்ற இதெல்லாம் ஒரு வித்தை என்று அவர் கட்சி. வெயிலில் மங்கல், லேசாகச் சாய்த்துப் பிடித்தால் சொந்தக்காரனுக்கே மங்கல், ஒட்டுத்தாளில் முடிகிற காரியத்துக்குப் புது செல்போனா என்றார். வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் பின் சீட்டுப் பையன்கள் அவர் பூனை பார்ப்பதைப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், வகுப்பில் மியாவ். யார் என்று திரும்பினால் நாற்பது முகமும் அப்பாவி முகம். புது செல்போன் வந்த பிறகு மியாவ் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது. அவருக்கு இது வித்தை இல்லை, உத்தியோகம்.

"அப்ப இவரு கதை?" என்று ரிப்பேர்க்காரர் ரேடியோவைக் காட்டினார். "மனுஷன் குருடாயிட்டேன்னு இருந்திருக்காரு."

நீ என்ன சொல்கிறாய், உபயோகமா வித்தையா என்று வாத்தியார் ரேடியோவையே கேட்டார். கேட்டால் ரேடியோ என்ன சொல்வார்? உபயோகம் என்றால் தன்னைப் போன்றவர்களுக்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று ஆகும். வித்தை என்றால் எட்டிப் பார்க்க எனக்கு வசதியாக இல்லை என்று ஆகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் உதை. அவர் தரையைப் பார்த்து, தான் பார்த்துக்கொண்டிருந்தது தப்புதான் என்று ஆரம்பித்தார். வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாதா? பூனை வந்தா பூனை பேசுவே. ரயில் டிக்கெட் பாத்தா ரயில் பேசுவே. கணக்குப் போடத் தெரிஞ்சவன்தானே நான்."

தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று ரேடியோ கேட்கவில்லை. வாத்தியாராகவே சொன்னார், செல்போனைப் பார்த்தபடி, கொஞ்சம் கடுகடுப்பாகவே.

"பசங்க பாக்கக்கூடாதுன்னுதான் வாங்கினேன். இங்க வந்து சிரிச்சுச் சிரிச்சுப் பாக்கறேன், நீ ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. கத்தியையும் மச்சான்கிட்டக் கொடுத்துட்டே. என்ன கோவமோன்னு நான் ரெண்டு வாரமாக் குழம்பிட்டிருக்கேன்."

இருவரும் ஒரே இருட்டில் ஆளுக்கொரு மூலையில் நின்றிருக்கிறார்கள் என்று ரேடியோவுக்குப் புரிந்தது. புரிந்ததும் குழப்பம் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. எட்டிப் பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்பதா, பார்க்காமல் விட்டதற்குக் கேட்பதா என்று அது வேறு பக்கம் கிளை விட்டது.

வாத்தியார் செல்போனில் எங்கெங்கோ அமுக்கினார். இரண்டு முறை வெளிச்சம் கூடியது, ஒரு முறை டார்ச் எரிந்தது. ரிப்பேர்க்காரர் எழுந்து வந்து ஒரே தட்டில் அந்த வசதியை அணைத்தார். பஸ்ஸுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம், இந்த நாற்காலியில் வேண்டாம் என்றார் வாத்தியார்.

ரேடியோ எழுந்து வந்து கத்தியை எடுத்தார். காய்ந்துபோன நுரையைத் துடைத்துப் புதிதாகப் பூசினார். திரை இப்போது நின்ற இடத்திலிருந்தே பளபளவென்று தெரிந்தது. திருட்டுத்தனமாகப் பார்க்கும்போது வராத கூச்சம், பார் என்று காட்டும்போது வந்து தொலைத்தது. கத்தியைக் கழுத்தில் வைத்தவர், திரையைப் பார்க்கக்கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"யோவ், கண்ணைத் தொற. கழுத்துல கத்தி இருக்கு."

திறந்தார். திரையில் ஒரு சாம்பல் நிறப் பூனை அட்டைப்பெட்டிக்குள் இறங்க முயன்றுகொண்டிருந்தது. பெட்டி சிறியது, பூனை பெரியது. கத்தி ஒரு கோடு இழுத்தது. இன்னொரு கோடு. ரேடியோ மெல்ல ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுப் பக்கம் ஒரு பூனை சார்..."

"உங்க வீட்டுப் பக்கம் பூனையே கிடையாதாம். உன் மச்சான் சொன்னான். இந்த ரெண்டு வாரத்துல அவன் பேசினது அது ஒண்ணுதான்."

ரேடியோவின் கத்தி காற்றில் நின்றது. வாத்தியார் கழுத்தை வாகாக அண்ணாந்து கொடுத்தார்.

"பரவாயில்ல. அந்தப் பூனை என்ன பண்ணுச்சு, சொல்லு."