பூபாலன் பேரில் ஒரு பிடித்தம்

பொத்தேரியில் ஆபிரகாமுக்கு இரண்டு மாணவர் விடுதிகள். அவருடைய அப்பா அடுத்தவர் களத்தில் கதிரடித்தவர். கூலி நெல்லை அளக்கும்போது பண்ணைக்காரர் ஒவ்வொரு முறையும் களச்செலவு என்று ஒரு படியைத் தன் பக்கம் தள்ளிக்கொள்வார். ஏன் என்று கேட்க வழியில்லை. சொந்தமாகக் கட்டடம் எழுப்பிய அன்றே ஆபிரகாம் வீட்டில் சொல்லிவிட்டார்: நம் குடும்பத்தில் யாரும் எவனுடைய கூலியிலும் கை வைக்கக் கூடாது.

அந்த வைராக்கியத்துக்கு இந்த வருஷம்தான் சோதனை வந்தது. வியாபாரம் பெருகிவிட்டதால், காண்ட்ராக்டர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரி பிடித்து, அவரவர் பான் எண்ணில் கட்டிக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார் ஆடிட்டர்.

"அபராதம் போட்டா கட்டிக்கிறேன். பிடிக்க மாட்டேன்," என்றார் ஆபிரகாம், கணக்குப் பார்க்கும் மகளிடம்.

"அது அவங்க கட்ட வேண்டிய வரி நைனா," என்றாள் ரெஜினா.

"எவன் வரியா இருந்தா இன்னா? கொறச்சுக் குடுக்கிறது என் கைதான?"

சனிக்கிழமை பூபாலன் வந்தான். புதுப்பட்டினத்துக்காரன். ஆட்களை வைத்து இரண்டு விடுதிகளுக்கும் பெயிண்ட் அடித்து முடித்திருந்தான். ஆபிரகாம் நீட்டிய செக்கைப் பார்த்தவன், அதை மேஜைமேலேயே வைத்தான்.

"இன்னா அண்ணாத்த, வரி பிடிக்கலியா?"

"உன் உழைப்புல நான் கை வெப்பனா பூபாலா? முழுசா எடுத்துக்க."

பூபாலன் முகம் சுருங்கியது. "பெரிய அபார்ட்மெண்ட் வேலைக்கு டெண்டர் போடுறேன். இதுவரைக்கும் இன்னா வேல செஞ்சேன்னு ஆதாரம் கேக்கறாங்க. சின்னச் சின்ன வேல குடுத்தவங்கல்லாம் வரி பிடிச்சு என் பேர்ல ஏத்திட்டாங்க; யாருகிட்ட எவ்ளோவுக்கு வேல செஞ்சேன்னு வரிக் கணக்குலயே தெரியுது. இவ்ளோ பெரிய வேல செஞ்ச எடத்துல மட்டும் என் பேரே இல்ல. நான் இன்னா, உங்ககிட்ட கூலிக்கு வந்தவனா?"

ஆபிரகாமுக்குச் சுருக்கென்றது. அப்பாவிடமிருந்து போன படி நெல் எவர் பேரிலும் ஏறவில்லை. இவன் தன் பேரில் ஏற்றச் சொல்லி வந்து நிற்கிறான்.

எழுந்து நின்று செக்கைக் கிழித்தார்.

"ரெஜினா, சட்டப்படி பிடிச்சிட்டு வேற எழுது."

"பிடிக்க மாட்டேன்னியே நைனா?"

"ஆபிரகாம் வூட்டுல வேல செஞ்சவன் பேரு மறையக் கூடாது. எழுதும்மா."

பிறகு எதிரே இருந்த நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க காண்ட்ராக்டரே. பான் கார்டுல இனிஷியல் எப்பிடி கீது? சத்தமா சொல்லுங்க."