தங்கலட்சுமியிடம் சொல்ல வேண்டிய சொல்

1.

இந்தக் கதை பிறந்தது ஒரு பொய்யிலிருந்து. அருப்புக்கோட்டையில் ஒரு லேப்பில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் போனவர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு "சுகர்" என்றார். அவர் சொல்ல வந்தது அதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். (அன்று நானும் சுகர்தான் பார்த்தேன்.)

அவருக்குப் பூமிநாதன் என்று பெயர் வைத்தேன். ஊர் பரளச்சி. மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி, வயது அறுபதை ஒட்டி.

2.

முதல் தொடக்கம்: "பூமிநாதனுக்குக் கொஞ்ச நாளாக அந்த இடத்தில் —"

அடித்துவிட்டேன். எந்த இடம்?

இரண்டாவது: "ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பி —" இது பாடப்புத்தகம். இதையும் அடித்தேன்.

பூமிநாதன் பார்க்கப் போன டாக்டரையே பேச விடுகிறேன். அவருக்குக் கூச்சம் கிடையாது.

"உங்க அண்ணனுக்கு இருந்தது புராஸ்டேட் கேன்சர். மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி அது. கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தா உங்களுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பிஎஸ்ஏன்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு. அளவு கூட இருந்தாலே கேன்சர்னு அர்த்தமில்ல. வயசுல சுரப்பி வீங்கினாலும் கூடும், கிருமி இருந்தாலும் கூடும். பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்."

அண்ணன் பொன்னுச்சாமி இடுப்புவலி என்று தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டியவர். ஒன்றுக்குப் போகச் சிரமப்பட்டதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கண்டுபிடித்தபோது எலும்பு வரைக்கும் போயிருந்தது. போன ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

3.

லேப்பில் ரத்தம் எடுக்கிற பெண் தங்கலட்சுமி. பூமிநாதனின் தங்கை சரஸ்வதி பெற்ற மகள். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அலறிய பிள்ளை. அவள் பெரியவளானபோது சீர்த்தட்டோடு முன்னால் நடந்தவர் அவர்.

[வேறு லேப்பே இல்லையா என்பீர்கள். இருக்கிறது. ஆனால் சரஸ்வதிக்குத் தெரிந்தால், "ஏண்ணே, நம்ம பிள்ளை இருக்கையில அசலாளுகிட்டப் போயி கையை நீட்டுனீக?" என்று ஊரைக் கூட்டிவிடுவாள்.]

"வாங்க மாமா. என்ன டெஸ்டு எடுக்கணும்?"

பின்னால் ஆட்கள் நின்றார்கள். மடியில் வைத்திருந்த பிள்ளையிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"சுகர்தான்த்தா."

"சாப்பிடாம வந்தீகளா?"

"ஆமாத்தா."

நார்மல் என்று வந்தது.

(அடிக்குறிப்பு: சுகர் நார்மல் என்பதற்கும் டாக்டர் கேட்டதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. டாக்டர் சொன்னதற்கு வெறும் வயிறும் தேவையில்லை.)

4.

டாக்டர் சொன்ன டெஸ்டுக்குத்தான் போயிருக்கிறார் என்று நம்பிய மனைவி செல்வலட்சுமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாக?"

"நார்மலாம்."

"உங்கண்ணனுக்கு வந்தது உங்களுக்கு இல்லேல்ல?"

"இல்ல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சேமியாப் பாயாசம் வைத்தாள். அவர் குடித்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள், அதையும் குடித்தார்.

"மாரியாத்தாளுக்கு மாவிளக்கு நேந்திருந்தேன். வர்ற வெள்ளிக்கிழமையே எடுத்துருவோம்."

இந்த இடத்தில் அவருக்காகப் பரிந்து ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை செல்வலட்சுமி பச்சரிசியை ஊறப்போட்டாள். தன் பொய்க்கு அவள் விளக்கேற்றுவதைப் பூமிநாதனால் பார்க்க முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

5.

"என்ன மாமா, போன வாரந்தான சுகர் பாத்தோம்?"

பூமிநாதன் வாயைத் திறந்தார்.

இங்கேதான் கதை நிற்கிறது. ஒரு முடிவு: அவர் சொல்லிவிடுகிறார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரி மாமா, கையை நீட்டுங்க" என்கிறாள். அவளுக்கு அது தினசரி எடுக்கிற டெஸ்டுகளில் ஒன்று. இன்னொரு முடிவு: "கொழுப்பு பாக்கணும்த்தா" என்கிறார்.

முதலாவதை எழுதத்தான் ஆசை. ஆனால் மேலே போய்த் தேடிப் பாருங்கள். அந்தப் பெயரை டாக்டர் வாயில் வைத்ததோடு சரி, என் வாக்கியம் ஒன்றில்கூட எழுதவில்லை. பேனா பிடிக்கிற எனக்கே இப்படிக் கூசுகிறது. அவரை மட்டும் சொல்லச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

அதனால் அந்தப் பெயரை நீங்கள் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் போதாது. வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், லேப்பில் ஃபேன் இரைச்சல் அதிகம்.

பரளச்சியில் அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. தங்கலட்சுமி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறாள்: "சொல்லுங்க மாமா, என்ன டெஸ்டு?"