பயிர் அதிகாரியைக் கண்டு நகர்ந்த புகையிலை

அந்த வருஷம் பயிர் அதிகாரி வயலில் கால் வைத்ததும் புகையிலைச் செடிகள் ஓரடி பின்னால் நகர்ந்தன. பார்த்தவர்கள் மரியாதை என்றார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். இருபது வருஷமாக இலையைத் திருப்பிப் பார்த்து, புழுவா, அசுவினியா, வேரழுகலா என்று சொல்லி வந்தவர். செடிகளுக்கே தெரிந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அவர் வந்துபோன வயல்களில் பத்துப் பதினைந்து நாளில் தேமல் விழுந்தது. இலையெங்கும் வெளிர்பச்சைத் திட்டுகள். அதற்கு மருந்தே கிடையாது, பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். அப்படி ஏழு வயல்கள் போயின.

எட்டாவது வயல் அவர் தங்கையுடையது. அவளும் இரண்டு பெண்களும் அந்த ஒன்றரை ஏக்கரைத்தான் நம்பியிருந்தார்கள். அவள் கூப்பிடவில்லை. பாசம் கேட்குமா, அவரே போனார். அவர் உள்ளே இறங்க இறங்க செடிகள் பத்தடி, இருபதடி என்று ஒதுங்கிக் கடைசியில் வேலியோடு வேலியாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இலைகள் மளமளவென்று ஒடிந்தன. தங்கை மண்வெட்டியோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

“அங்கேயே நில்லுண்ணா! இன்னும் ஒரு அடி வச்சா எல்லாம் நசுங்கிடும்.”

“நான் என்னடி பண்ணேன்? சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தானே வரேன்!”

“கழுவிட்டு? இப்ப கையில என்ன வச்சிருக்க?”

அவர் விரலிடுக்கில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. காய்ந்த புகையிலையிலும் தேமல் கிருமி வருஷக்கணக்கில் சாகாமல் இருக்கும், சுருட்டைத் தொட்ட கையால் செடியைத் தொடாதீர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தொண்டை கிழியச் சொன்னவரே அவர்தான். அவமானத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பக்கூடப் பயந்து, வந்த காலடித் தடத்திலேயே பின்பக்கமாக நடந்து வரப்பேறினார். அவர் ஓரடி வைக்க, செடிகளும் ஓரடி வைத்து வரிசைக்குத் திரும்பின. நாற்பது செடிகள் ஒடிந்துபோயிருந்தன. மற்றவை பிழைத்தன.

சுருட்டை அன்றே விட்டார். ஏழு வீட்டுக்கும் போய்த் தன் தவற்றைச் சொன்னார். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. அதன்பின் அவர் எந்த வயலிலும் இறங்கியதில்லை. சாலையோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நோய்ப்பட்ட செடி தானே வரப்புவரை வந்து, இலையைத் திருப்பிக் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போகும். இரண்டு மனு போட்ட பிறகு ஆபீசில் ஒரு குடையும் கொடுத்தார்கள். மற்ற வயல்களின் செடிகள் நாலடி தள்ளியே நிற்கும். தங்கை வயல் செடிகள் மட்டும் கைக்கெட்டும் தூரத்துக்கு வரும். அவர் கையை நீட்டுவதில்லை.