தார்ப் பொட்டு

புயல் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. நகரத்துக்குத்தான் அதை யாரும் சொல்லவில்லை. காற்று கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், ஊரே முதலில் போனைச் சார்ஜில் போடும், அப்புறம்தான் ஜன்னலைச் சாத்தும். மரங்கள் போனபின் மெயின் ரோட்டில் நிழல் என்றால் பஸ் நிழல்தான். அதுவும் வந்தவுடன் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

மேஸ்திரிக்கு மட்டும் புயலால் மரியாதை கூடியது. பதினேழு நாளில் நாற்பத்தோரு வீட்டுக்குத் தகரக் கூரை போட்ட மனுஷர். டீக்கடையில் அவரைக் கண்டதும் பெஞ்சில் இடம் விடுவார்கள். அடுத்தவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டவர் மாதிரி, கூச்சத்தோடு போய் உட்கார்வார்.

கடைசியாகக் கூரை போட்ட தெருப் பக்கம் மட்டும் அவர் போவதே இல்லை. நாலு வருஷமாகச் சுற்றுவழிதான். முட்டிவலிக்கு நடை நல்லது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார்.

அந்தத் தெருவிலிருந்துதான் போன் வந்தது. பேசியவர் அங்கே குடியிருக்கும் ஸ்கூல் டீச்சரின் கணவர், பஸ் டிப்போவில் டைம் கீப்பர்.

"மேஸ்திரி, ஒரு உபகாரம். எங்க கூரை கெட்டியா இருக்குன்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். நான் சொன்னா இவ நம்ப மாட்டேங்கறா. கல்யாணமான நாள்லேருந்தே அப்படித்தான், அதை விடுங்க."

மேஸ்திரி சட்டைப் பையில் ஒரு கை திருகாணிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஏணியோடு போனார்.

டீச்சர் பாதியாக இளைத்திருந்தார். "வாங்கண்ணே. காத்தடிச்சா மேல யாரோ தட்டற மாதிரி கேக்குது. இவருக்குக் கேக்கலயாம்."

"முப்பது வருஷம் பஸ் ஹாரன் கேட்ட காது," என்றார் கணவர் பெருமையாக. "டாக்டர் சொல்லிட்டாரு மேஸ்திரி. சத்தம் கூரையில இல்ல, மனசுலயாம். மாத்திரை சாப்பிடறா."

"போன மாசம் கிளாஸ்ல காத்தடிச்சதும் பிள்ளைங்க அத்தனை பேரையும் பெஞ்சுக்கடியில படுக்கச் சொல்லிட்டேன்," என்றார் டீச்சர். மேஜைமேல் மாத்திரை அட்டையும், அதன்கீழ் ஒரு கடிதமும் இருந்தன. "ராஜினாமா எழுதி வெச்சிட்டேன். நீங்க ஏறிப் பாத்து கூரை கெட்டின்னா, கோளாறு எனக்குத்தான். கையெழுத்து போட்டுடறேன்."

மேஸ்திரி ஏறினார். வரிசையாகத் தார்ப் பொட்டுகள். திருகின் தலைவழி மழை இறங்காமலிருக்க வைப்பது. ஒரு பொட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கியது. அடியில் திருகு இல்லை.

புயல் சமயத்தில் ஊரில் திருகுக்குப் பஞ்சம். கடைசி பதினோரு வீட்டுக்கும் ஒன்று விட்டு ஒன்றுதான் முடுக்கினார். மீதி இடத்தில் வெறும் பொட்டு. அடுத்த வாரம் வந்து போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். அந்த வாரம் இன்னும் வரவில்லை.

காற்று வீசியது. டக், டக் என்று தகரம் சட்டத்தில் தட்டியது.

"கேட்டுச்சாண்ணே?" வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார் டீச்சர்.

சத்தமில்லாமல் முடுக்கிவிட்டு இறங்கிவிடலாம் என்று பையிலிருந்த திருகுகள் சொல்லின. "என்ன சத்தம் டீச்சர்? ஒண்ணும் கேக்கலயே," என்றார் மேஸ்திரி.

டீச்சர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். "சரிண்ணே. அப்ப நான்தான்." பேனா மூடியைக் கழற்றியபடி உள்ளே திரும்பினார்.

"டீச்சர்! கேக்குது! நல்லாவே கேக்குது! நான் திருகு போடல!"

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தார். கூரைமேலிருந்து மெதுவாகப் பேச முடியாது. காற்றுக்குப் பயந்து தெருவே கதவைச் சாத்தியிருந்தது. இல்லையென்றால் பதினோரு வீட்டுக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம்.

கணவர் வெளியே ஓடிவந்தார். "அப்ப அந்த மாத்திரை?"

டீச்சர் ஏணியடியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மேலே மேஸ்திரிக்கு முகத்தை மூட ஒரு துண்டுகூட இல்லை.

"நாலு வருஷமா?" என்றார் டீச்சர் கடைசியில்.

"ஆமா டீச்சர்."

"இன்னும் எத்தனை வீடு?"

"பதினொண்ணு."

"எங்களையும் சேத்தா, சேக்காமலா?"

"சேத்துதான்."

"அந்தப் பத்து வீட்டுல யாரு யாரு மாத்திரை சாப்பிடறாங்களோ!" டீச்சர் எழுந்தார். "இறங்காதீங்க. முதல்ல இதை முடுக்குங்க. அப்புறம் ஒவ்வொரு வீடா வந்து, எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லணும். நானும் வரேன்."

ஒரு மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, மேஸ்திரியா! எங்க தலைமேல கூரை வெச்ச மகராசன்!"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் பார்த்து இருமுவதுபோல, பின்னால் டீச்சர் இருமினார்.

"அம்மா... காத்தடிச்சா, மேல யாரோ தட்டற மாதிரி கேக்குதா?"

அந்த அம்மாளின் சிரிப்பு நின்றது. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேஸ்திரி," என்றார் ரகசியமாக.