பெயர் மாற்றப்பட்டுள்ளது

ஓய்வுபெற்ற பேராசிரியர் வேதாசலம், சென்னைத் துறைமுகத்துப் பாலியல் தொழிலின் சமூக வரலாறு எழுதுகிறார். அதில் பூரணிக்கு ஒரு முழு அத்தியாயம். முப்பது வருடத்துக்கு முன் துறைமுகத்துச் சந்துகளில் இருந்தவள், இப்போது ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிறாள். அடுத்த மாதம் மகள் ஸ்வேதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது.

சாப்பாட்டு இடைவேளையில், கம்பெனி எதிரே டீக்கடையில் வேதாசலம் அத்தியாயத்தை நீட்டினார்.

"பேரை 'மல்லிகா'ன்னு மாத்திட்டேன்மா. பயப்படாம சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போடு."

"இன்னா சார், எங்களுக்குன்னா பூ பேருதான் தோணுமா?" என்றபடி பூரணி படித்தாள்.

'மல்லிகா ஆம்பூரில் தோல் தரம் பிரிப்பவர். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஒரே மகள் வேலூரில் நர்ஸ்.'

"ஆம்பூர்ல ரெண்டு வெரல் இல்லாதவ எத்தினி பேரு சார் இருக்கா?"

"நிஜம் இருந்தாத்தானேம்மா சரித்திரம்."

அடுத்த பக்கத்தில் அவளிடம் வந்துபோனவர்கள். 'ஒரு தோல் ஏற்றுமதியாளர்', 'ஒரு பிரமுகர்'. அவ்வளவுதான்.

"இவங்களுக்கு வெரலே இல்லியா?"

"அவங்கல்லாம் குடும்பஸ்தங்கம்மா."

"நான் இன்னா, மரத்துல காய்ச்சேனா?"

பூரணி இடுப்பிலிருந்து சில்வர் பேனாவை எடுத்தாள். தோலில் கீறலோ ஓட்டையோ இருந்தால் அதைச் சுற்றி வட்டம் போடும் பேனா. வட்டம் போட்ட இடத்தை விட்டுத்தான் வெட்டுவார்கள். விரல், ஊர், மகள் எல்லாவற்றுக்கும் வட்டம் விழுந்தது.

"மிச்சத்தைப் போட்டுக்குங்க."

"மிச்சம் என்னம்மா இருக்கு? யாரும் நம்ப மாட்டாங்க."

"அப்போ ஏற்றுமதிக்காரர் பேரைப் போடுங்க. போன மாசமே சொன்னேனே."

வேதாசலம் குரலைத் தாழ்த்தினார். "வெளியீட்டு விழாவுக்குத் தலைமையே அவருதாம்மா."

பூரணி டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். கையெழுத்துப் போடாமலே படிவத்தை மடித்து டிபன் பைக்குள் வைத்தாள்.

"இது அச்சுல வந்தா எம் பொண்ணு கல்யாணம் நின்னுடும். அப்புறம் நான் மறைக்க ஒண்ணும் இருக்காது. விழாவுக்கு வந்து, மைக்ல அவரை மாமான்னு கூப்பிடுவேன்."

சங்கு ஊதியது. அவள் கேட்டுக்குள் போய்விட்டாள்.

வேதாசலம் அங்கேயே உட்கார்ந்து அத்தியாயத்தைக் கிழிக்க ஆரம்பித்தார். ஏற்றுமதியாளர் வரும் பக்கத்தைத்தான் முதலில் கிழித்தார்.