நீர் விடாத துளி

இருபத்து மூன்று நாட்களாக அந்த ரத்தப் பரிசோதனைத் தாள், பாட்டில் மூடிகள் போட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டியின் அடியில் கிடந்தது. அந்தப் பெட்டியில் அவளைத் தவிர வேறு யாரும் கைவைக்க மாட்டார்கள்.

வீட்டின் பின்னறையில் ஜாம் காய்ச்சி, பாட்டிலில் அடைத்து, கடைகளுக்குப் போடுவது குடும்பத் தொழில். பழம் வாங்குவதும் சரக்குப் போடுவதும் அண்ணன். லேபிள் ஒட்டுவது அப்பா. அடுப்பு அவளுடையது. ஒரு துளியை நாக்கில் வைத்தே பதம் சொல்லிவிடுவாள் என்பதால் வீட்டில் அவள் பெயரே ‘நாக்கு’. நாக்கு என்ன சொல்லுது என்று கேட்காமல் அண்ணன் அடுப்பை அணைக்க விட்டதில்லை.

அப்பாவும் அடுப்படியில் நின்றவர்தான். கை லேசாக நடுங்குகிறது என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மறுநாளே அண்ணன் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைப் பாசத்தோடு சுமந்து வந்து, லேபிள் கட்டுக்கு முன்னால் அவரை உட்கார வைத்தான். நான்கு வருடமாகக் கரண்டி அவர் கைக்குத் திரும்பவில்லை. தாளில் இருப்பதைச் சொன்னால் தனக்கும் ஒரு நாற்காலி வரும், அடுப்பு அண்ணியிடம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். சர்க்கரை குறைந்த ஜாமைக் காய்ச்சிக் கையில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பது என்று முடிவு செய்தாள். ஒரு கஸ்டமர் கேட்டதாகச் சொல்லி வைத்தாள்.

கிலோ பழத்துக்குக் கிலோ சர்க்கரை என்பது வீட்டு அளவு. அவள் ஒரு கிலோ பிளம்ஸுக்கு நூறு கிராம் போட்டாள்.

“உப்பில்லாப் பண்டமே குப்பையில. இது எங்க போகும்னு நீயே சொல்லு,” என்றான் அண்ணன்.

குப்பைக்குத்தான் போனது. குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழவேண்டும். அதுதான் அவர்கள் வீட்டுச் சோதனை. பிளம்ஸ் துளி சுருங்கவே இல்லை. சுருங்கட்டும் என்று கொதிக்க விட்டதில் அடிபிடித்தது. அடுத்த தடவை எலுமிச்சை பிழிந்து, இளகலாக இருந்ததையே அடைத்து, வழக்கம்போல் பாட்டில்களைக் கவிழ்த்து அலமாரியில் வைத்தாள். ஆறாம் நாள் பச்சைப் பூஞ்சணம்.

“ஜாமுக்குத் தாடி முளைச்சிருக்கு. கஸ்டமருக்கு ஒரு பிளேடும் சேர்த்து அனுப்பு,” என்று சொல்லிவிட்டுப் போனாள் அண்ணி.

கழுவும் தொட்டியில் அந்தப் பாட்டில்களைத் தேய்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. பழத்தின் நீரைக் கட்டிப்போடும் காவல்காரன் அதுதான். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்து போட்டிருக்கிறாள்.

அப்படியானால் நீர் போகவேண்டும். கொஞ்சம் நீர் தங்கத்தான் செய்யும், அதனால் பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கவேண்டும். கெட்டிப்படட்டும் என்று ஆப்பிளைத் தோலோடு வேகவைத்துச் சல்லடையில் தேய்த்து, பிளம்ஸோடு கலந்து, அகலமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறினாள். பாட்டிலும் சின்னதாக எடுத்தாள், ஒரு வாரத்துக்குள் தீர்ந்துவிடும்படி.

இதற்கு நடுவில் கடைச் சரக்கும் தினமும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் துளியை நாக்கில் வைத்து, பதம் சொல்லி, யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டியில் துப்பி வாய் கொப்பளித்தாள். அப்பாவின் நாற்காலியிலிருந்து தொட்டி நேராகத் தெரியும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

“துப்புறதுக்காம்மா பதம் பாக்கிற?” என்று ஒருநாள் கேட்டார். அவள் குழாயைத் திறந்துவிட்டாள். அவரும் லேபிளின் ஓரத்தை நீவிவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

இருபத்திரண்டாம் நாள், துளி வைத்த தட்டு ஒன்றைக் கழுவ மறந்துபோனாள். திரும்பிப் பார்த்தபோது துளியைச் சுற்றி மெல்லிய நீர் வளையம் கசிந்திருந்தது. இத்தனை நாளும் சுருக்கத்தையே தேடியிருக்கிறாள். பார்க்க வேண்டியது இந்த வளையத்தை. மறுநாள் அரைமணி நேரம் கிளறித் துளி வைத்தாள். வளையம் இருந்தது. மேலும் பத்து நிமிடம். நூலாக இளைத்தது. இன்னும் பத்து நிமிடம். துளி மலைபோல் உட்கார்ந்திருந்தது, ஓரத்தில் சொட்டு நீர் இல்லை. நாக்கில் வைக்காமலே அடுப்பை அணைத்தாள்.

ஆறியதும் அண்ணன் ஒரு ரொட்டித் துண்டில் தடவித் தின்றான். இரண்டாவது துண்டையும் எடுத்தான்.

“பழம் பழமாவே தெரியுது. நாக்கு என்ன சொல்லுது?”

“நாக்குல வைக்கல. கண்ணால பாத்துதான் இறக்கினேன். இனிமே எல்லாப் பாத்திரமும் அப்படித்தான். கடைச் சரக்குக்குச் சுருக்கம், இதுக்கு வளையம்.”

“இது என்ன புதுசா?”

நாற்காலியில் இருந்து அப்பா பேனாவைத் திறந்தார். நடுங்கும் கையை மேசையில் ஊன்றி, வெற்று லேபிள் ஒன்றை முன்னால் இழுத்து வைத்தார்.

“கஸ்டமர் யாருன்னு சொல்லும்மா. எழுதணும்.”

அண்ணனும் அவளைப் பார்த்தான். அவள் மூடிப் பெட்டியின் அடியிலிருந்து தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மற்றக் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“அடுப்பை விட்டு நான் நகரமாட்டேண்ணா. அதை முதல்ல சொல்லிடறேன்,” என்றாள். “கஸ்டமர் நான்தான். எனக்குச் சுகர் இருக்கு.”